ஓடும் நீரும் ஒட்டிய பாசியும்

டிசம்பர் பள்ளி விடுமுறையில் புதிதாகச் செடித்தொட்டி, அதாவது நீர்ச்செடி வளரும் மீன்தொட்டி, வைக்கும் மாணவர்களின் வாங்கல் பட்டியலில் ஒரு விசித்திரம் உண்டு. தொட்டி சிறியதாக இருக்கும், செடி மூன்று கொத்துதான் இருக்கும்; யூவி (புற ஊதா) விளக்கு மட்டும் தவறாமல் இருக்கும். கூடப் படிப்பவன் வைத்திருக்கிறான், காணொளியில் தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது, “வாங்குறதை முழுசா வாங்கிடு, அப்புறம் மீன் செத்துப்போச்சுன்னு வந்து நிக்காதே” என்று அப்பா சொல்லிவிட்டார். காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும். ஃபில்டர், டைமர் போட்ட விளக்கு, குளோரின் நீக்கி ஆகியவை எல்லாருக்கும் வேண்டியவை, அவற்றைப் பற்றி விவாதமில்லை. தண்ணீர் பச்சையானாலோ பாசி பிடித்தாலோ எதைக் கையிலெடுப்பது என்பதுதான் கேள்வி. விளக்கு நேரத்தைக் குறைப்பதா, தண்ணீர் மாற்றுவதா, செடியைக் கூட்டுவதா, தொட்டியைச் சில நாள் இருட்டில் போடுவதா, யூவி மாட்டுவதா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வரிசையில் யூவி கடைசி.

அந்த விளக்கு என்ன செய்கிறது என்று பார்த்தாலே காரணம் விளங்கும். ஏறத்தாழ 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர், தன்னைக் கடந்துபோகும் நுண்ணுயிரின் மரபணுவைச் சிதைத்து, அது பெருகாதபடி செய்கிறது. ‘கடந்துபோகும்’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. தண்ணீரைப் பச்சையாக்கும் ஒற்றைச்செல் பாசியும், புதுத் தொட்டியைப் பால்போல் கலக்கும் பாக்டீரியாவும் மிதப்பவை. பம்ப் இழுத்த இழுப்புக்கு வந்து கதிரில் மாட்டிக்கொள்ளும். ஆனால் செடித்தொட்டி வைத்திருப்பவரை உண்மையில் அழவைப்பது எது? இலை ஓரத்தில் முளைக்கும் கறுப்புத் தாடிப் பாசி, பாசிச்செடிக்குள் பின்னிக்கொள்ளும் நூல் பாசி, கண்ணாடியில் கெட்டியாக ஒட்டும் பச்சைப் புள்ளி. இவை இருந்த இடத்தை விட்டு நகர்வதே இல்லை. விளக்கு ஃபில்டர் குழாயில் இராப்பகலாக எரிந்தாலும் இலைமேல் இருக்கும் தாடிக்கு அது எரிவதே தெரியாது. சிங்கப்பூரின் மறுசுழற்சி நீரான நியூவாட்டரிலும் புற ஊதா இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் எந்த இடத்தில் என்று பாருங்கள். முதலில் நுண்வடிகட்டல், அடுத்து ஆர்.ஓ. சவ்வு, இரண்டும் முடிந்து தெளிந்த நீருக்குத்தான் மூன்றாவதாகப் புற ஊதா. அங்கே அது கடைசிக் காவல். நாமோ குப்பையைக் கூட்டாமல் வாசலில் காவலாளியை நிறுத்துகிறோம்.

மாட்டினாலும் அது வேலை செய்கிறதா என்பது அடுத்த கேள்வி. கதிரின் பலன், நீர் அதன்முன் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பம்ப் வேகமாகத் தள்ளினால் பாசி லேசாகச் சூடுபட்டு உயிரோடு திரும்பிவிடும். மரத்துண்டின் சாயம் இறங்கிப் பழுப்பான நீரில் கதிர் தூரம் போகாது. குவார்ட்ஸ் உறையில் சுண்ணாம்பு படிந்தாலும் அதே கதைதான். சாதாரண பாதரச விளக்கின் கதிர்வீச்சு எட்டாயிரம், ஒன்பதாயிரம் மணி நேரத்தில், அதாவது விடாமல் எரித்தால் ஓர் ஆண்டில், வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் நீலநிற வெளிச்சம் மட்டும் அப்படியே தெரியும். கண்ணுக்குத் தெரியும் அந்த நீலம் வேலை செய்யும் கதிர் அல்ல. கரோசெல் இணையச் சந்தையில் பழைய விளக்கை மலிவாக வாங்குபவர் பெரும்பாலும் அந்த நீலத்தைத்தான் வாங்குகிறார். இன்னொன்று, செடிக்காரர்கள் மறப்பது: திரவ உரத்தில் இரும்பைக் கரைத்துவைத்திருக்கும் சேர்மத்தைப் புற ஊதா உடைக்கக்கூடும். பிறகு உரம் ஊற்ற ஊற்ற இளந்தளிர் வெளுக்கும். மீனுக்கு மருந்து போடும் நாளிலும் விளக்கை அணைத்தாக வேண்டும், சில மருந்துகளை அது சிதைக்கும்.

நோய் வராமல் தடுக்குமே என்பது வலுவான மறுப்பு. பாதி உண்மை. வெண்புள்ளி நோயை எடுத்துக்கொள்வோம். அந்த ஒட்டுண்ணி ஒரு கட்டத்தில் மீனின் தோலுக்குள் இருக்கிறது, ஒரு கட்டத்தில் மணலில் உறைக்குள் பெருகுகிறது, மூன்றாவதில்தான் நீந்திவந்து மீனைத் தேடுகிறது. கதிருக்கு எட்டுவது இந்த மூன்றாவது மட்டும். அதைக் கொல்லப் பாசிக்குத் தேவைப்படுவதைவிட அதிக அளவு கதிர் வேண்டும். ஒரே தொட்டிக்குள் அது குழாயை அடையுமுன் மீனை அடைந்துவிடும். பண்ணைகளில் யூவி வைப்பது வேறு கணக்கு. பல தொட்டிகளுக்கு ஒரே நீர் சுற்றும் இடத்தில், ஒரு தொட்டியின் கிருமி அடுத்ததற்குப் போகாமல் அது நடுவழியில் தடுக்கிறது. வீட்டில் இருப்பதோ ஒரே தொட்டி. புது மீனை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது விளக்கைவிட மலிவு, பலனும் அதிகம்.

மற்ற வழிகளைச் சிங்கப்பூரின் வெயிலையும் குழாய்நீரையும் வைத்து எடைபோட வேண்டும். இங்கே ஆண்டு முழுவதும் பகல் பன்னிரண்டு மணி நேரம்; பாசிக்கு ஓய்வுக்காலமே கிடையாது. தேக்கா பஃபலோ ரோடு அடுக்குமாடியானாலும் ஈசூன் ஆனாலும், சன்னலோரத் தொட்டியில் விழும் காலை வெயிலை நிறுத்தாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. எனவே முதலில் இடத்தை மாற்றுங்கள், விளக்கை ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் நிறுத்துங்கள். இரண்டாவது, தண்ணீர். ஊரில் வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும் என்பது பழக்கம். இங்குள்ள குழாய்நீரில் இருப்பது குளோரமைன், ஓர் இரவில் அது ஆவியாகாது. சாதாரண நீக்கி அதை உடைக்கும்போது அம்மோனியா மிஞ்சும், பச்சைத் தண்ணீருக்கு அது நல்ல தீனி. அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் நீக்கி என்று பார்த்து வாங்குங்கள். மூன்றாவது, வேகமாக வளரும் தண்டுச்செடிகளை முதல் நாளிலேயே நெருக்கமாக நடுங்கள். பாசிக்குப் போகும் உணவை அவை முந்திக்கொள்ளும். இவ்வளவுக்கும் அடங்காத பச்சைக்கு மூன்று நான்கு நாள் போர்வை போட்டு மூடுவது, முன்னும் பின்னும் பாதி நீர் மாற்றுவது. செலவே இல்லாத வழி இது. அதனால்தானோ என்னவோ யாரும் விளம்பரம் செய்வதில்லை.

யூவி விரைவாகச் செய்வதை இவற்றில் பல மெதுவாகத்தான் செய்யும் என்பது உண்மை. ஆனால் விளக்கு தெளிவித்த தொட்டியில் வெயிலும் அம்மோனியாவும் அப்படியே இருக்கும். அணைத்ததும் பச்சை திரும்பும். செடித்தொட்டிக்கு வேண்டியது பொறுமைதான். இலங்கை ஓடைகளிலிருந்து வந்த கிரிப்டோகோரைன் வெண்டி என்ற நீர்ச்செடி, இடம் மாற்றினால் இலையெல்லாம் கரைந்து செத்ததுபோல் கிடக்கும். பிடுங்காமல் விட்டால் வேரிலிருந்து மறுபடி தளிர்க்கும். அதைப் பிடுங்காமல் இருக்கத் தெரிந்த பிள்ளைக்குச் செடித்தொட்டி கைவரும். பொறுக்க முடியாதவனுக்கு மீன் மட்டும் வளர்ப்பது பொருந்தும், அதில் குறைவொன்றுமில்லை. பெற்றோர் தங்கள் பிள்ளை எந்த ரகம் என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு, இருட்டில் போட்டும் போகாத பச்சைத் தண்ணீருக்காக யூவி வாங்கியே தீருவதென்றால், சிறிய பம்போடு மெதுவாக ஓடவிடுங்கள், நீர் தெளிந்ததும் கழற்றிவிடுங்கள். எரிகிறதா என்று பார்க்க மட்டும் உறையைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். அந்தக் கதிர் கண்ணைப் புண்ணாக்கிவிடும்.