எலெக்ட்ரான் கற்றையும் உயிரணுவும்

மழைக்காலத்தில் நம் சித்தூர் வயல்களில் வரப்பு உடைவதைப் பார்த்திருப்பீர்கள். ஓரிடத்தில் உடைந்தால் உழவர் மண்வெட்டியுடன் சென்று அடைத்துவிடுகிறார். ஒரே இரவில் பல இடங்களில் உடைந்தால் அவர் என் செய்வார்? கதிர்வீச்சுக்கு ஆளான உயிரணுவின் நிலையும் இத்தகையதே.

உயிரணுவின் உட்கருவில் டி.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூறு, ஈரிழை முறுக்கிய கயிறு போல் அமைந்துள்ளது. வேகமான எலெக்ட்ரான் அதனை நேரே தாக்கலாம்; அல்லது உயிரணுவிலுள்ள நீரைப் பிளந்து, ஹைட்ராக்சில் என்னும் வினைத்திறன் மிக்க துணுக்கை உண்டாக்கி, அதன் வழியே தாக்கலாம். ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் ஆற்றலை ஏற்பதே 1 கிரே. அவ்வளவு கதிர்வீச்சால் பாலூட்டியின் ஓர் உயிரணுவில் ஏறத்தாழ 1,000 ஒற்றையிழை முறிவுகளும் சுமார் 40 இரட்டையிழை முறிவுகளும் நேர்கின்றன. ஓரிழை அறுந்தால் மற்றதை மாதிரியாகக் கொண்டு உயிரணு பழுது நீக்கிக்கொள்ளும். இரண்டும் அருகருகே அறுந்தால் பழுது நீக்குவது அரிது. தவறாக ஒட்டின், அணு மாளலாம், புற்றுநோய்க்கும் வித்தாகலாம்.

இதனை அளந்தறிவது எங்ஙனம்? எலெக்ட்ரான் கற்றை அதற்கு ஏற்ற கருவி. அதன் ஆற்றலையும் அளவையும் நேரத்தையும் வேண்டியவாறு அமைக்கலாம். பொறியை நிறுத்தினால் கற்றையும் நின்றுவிடும். பாலக்காட்டில் ரயிலேறினால் சென்றடையக்கூடிய மங்களூரில், பல்கலைக்கழகத்தில் 8 மெகா எலெக்ட்ரான் வோல்ட் மைக்ரோட்ரான் பொறி அமைக்கப்பட்டது. அதன் கற்றையில் ஈஸ்ட் அணுக்களும் மனித இரத்த வெள்ளணுக்களும் ஆராயப்பட்டுள்ளன. ஈஸ்ட்டை ஆராயும் முறை எளிது. கற்றைபட்ட அணுக்களை ஊட்டக்கூழில் பரப்புவர். பிழைத்த அணு ஒவ்வொன்றும் பெருகி, கண்ணுக்குப் புலனாகும் கூட்டமாகும். அவற்றை எண்ணி, கற்றைபடாத அணுக்களின் கூட்டங்களோடு ஒப்பிட்டால் பிழைத்த பங்கு விளங்கும்.

1959இல் எல்கைண்டு, சட்டன் என்னும் இருவர், எக்ஸ்-கதிர்களைக் கொண்டு ஆய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டனர். ஒரே தடவையில் கொடுக்கும் அளவை இரண்டாகப் பிரித்து, சில மணி இடைவெளியில் கொடுத்தபோது கூடுதலான அணுக்கள் பிழைத்தன. இடைவேளையில் அவை தம்மைச் செப்பனிட்டுக்கொண்டன!

புற்றுநோயாளர் பலருக்குக் கதிர்மருத்துவத்தை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பல வாரங்கள் அளிப்பதன் காரணம் இதுவே. இடைவேளையைப் பயன்படுத்திச் செப்பனிட்டுக்கொள்வதில் புற்றணுவைவிட நல்லணு பொதுவாகத் திறன் மிக்கது. ஆயினும் இடைவெளி அளவுக்கு மீறி நீண்டால் புற்றணுவும் தலையெடுக்கும். ஆகவே, “ஒரே நாளில் முடித்துவிடக் கூடாதா?” என்று சலித்து, மருத்துவத்தைப் பாதியில் நிறுத்த எண்ணும் உறவினர் எவரேனும் நம் வீட்டில் இருப்பின், அவருக்கு இந்த வரப்பின் கதையைச் சொல்வோம்.