முப்புரிக் கயிறும் செல்லின் தலையெழுத்தும்

"மெக்கானிக்கல் படிக்கறவனுக்கு உயிரியல் எதுக்குங்க?" என்று வகுப்பிலேயே கேட்டார்கள். நண்பர்களே, கடைசி வரை படியுங்கள், இது நம்ம பாடம்தான்.

கருவில் முதலில் இருப்பது ஒரே ஒரு செல். அது பிரிந்து பெருகும்போது, தொடக்கச் செல்கள் எதுவாகவும் மாறக் கூடியவை. இவைதான் ஸ்டெம் செல்கள். எலும்பா, தசையா, நரம்பா என்று தீர்மானிப்பது யார்? மரபணு மட்டும் என்றால் பாதிதான் சரி. எல்லாச் செல்லிலும் அதே மரபணுதானே இருக்கிறது! பக்கத்துச் செல்கள் அனுப்பும் ரசாயனங்களுக்குப் பங்கு உண்டு. செல்லைச் சுற்றியுள்ள புரத வலைக்கும் பங்கு உண்டு. இந்த வலையின் பெயர் எக்ஸ்ட்ரா செல்லுலார் மேட்ரிக்ஸ். இதில் உள்ள ஃபைப்ரோனெக்டின் என்ற ஒரு புரதம் மட்டும் இல்லாத எலிக்கருக்களை 1993-ல் ஆராய்ந்தார்கள். இதயமும் ரத்தக் குழாய்களும் சரியாக அமையாமல் அவை கருவிலேயே இறந்தன.

வலையின் முக்கிய இழை கொலாஜன். அதன் வடிவத்தைக் கண்டது நம் சென்னைப் பல்கலைக்கழகம் என்பதில் நமக்குப் பெருமை. ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ்-கதிரில் படம் பிடித்து, 1954-ல் மூன்று சங்கிலிகள் சேர்ந்த அமைப்பு என்றார்கள். 1955-ல் அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுகிய கயிறு என்று காட்டினார்கள். ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கம் முறுகும், மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுகும். பொள்ளாச்சிப் பக்கம் கயிறு திரிக்கும் எங்கப்பாவிடம் படம் வரைந்து காட்டினேன். பள்ளிக்கூடம் போகாதவர். "புரிய ஒரு பக்கம் முறுக்கி, கயித்த எதிர்ப்பக்கம் முறுக்குனாத்தான் பிரியாது சாமி, இதுல என்ன அதிசயம்?" என்றார்.

இனி நம்ம ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ். 2006-ல் அமெரிக்காவில் எங்லர், டிஷர் குழுவினர், எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்களைக் கொலாஜன் பூசிய ஜெல்லின் மேல் வளர்த்தார்கள். (இவை கருச்செல்கள் அல்ல, ஆனாலும் பாடம் பொருந்தும்.) ஜெல்லின் விறைப்பை மட்டும் மாற்றினார்கள். 1 கிலோ பாஸ்கலுக்குள் மூளை போல மெத்தென்று இருந்தால் செல் நரம்பின் போக்கில் போனது. 10 கிலோ பாஸ்கல் அளவில் தசைப் போக்கு. 25 முதல் 40 வரை எலும்புப் போக்கு. நாம் ஆய்வகத்தில் இழுக்கும் ஸ்டீலுக்கு யங் மாடுலஸ் 200 ஜிகா பாஸ்கல், அதாவது தசை ஜெல்லைப் போல 2 கோடி மடங்கு! இவ்வளவு மெல்லிய வித்தியாசம் செல்லுக்கு எப்படித் தெரிகிறது? செல்லுக்குள் மயோசின் என்ற மோட்டார் இருக்கிறது. வலையைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறது, எவ்வளவு எதிர்ப்பு வருகிறது என்று அறிகிறது. மருந்து கொடுத்து மோட்டாரை நிறுத்தினால், ஜெல்லைப் பார்த்துப் போக்கு மாறுவதும் நின்றுவிட்டது. நம்ம டென்சைல் டெஸ்ட்டைச் செல் தானே செய்துகொள்கிறது.

இதனால் யாருக்கு என்ன? மாரடைப்பில் செத்த தசையின் இடத்தில் தழும்பு விழுகிறது. அது நல்ல தசையை விட விறைப்பு. அங்கே ஸ்டெம் செல்லை ஊசியில் போட்டால் தசை வளரும் என்று நம்பினார்கள். 2007-ல் எலிகளின் இதயத்தில் போட்டுப் பார்த்தபோது, சிலவற்றில் வளர்ந்தது தசை அல்ல, எலும்பு போன்ற சுண்ணாம்புத் திட்டுகள். செல்லை மட்டும் அனுப்பிப் பயனில்லை, அது உட்காரும் இடத்தின் விறைப்பையும் தசைக்கு ஏற்றபடி செய்ய வேண்டும். அந்த ஜெல்லைச் செய்து, அளந்து கொடுக்கிற வேலைக்கு டாக்டர் மட்டும் போதாதுங்க.