சிறு டிராக்டரை டிரெய்லரில் கட்டும் முறை

வாடகை உழவுக்கோ, பழுது பார்க்கவோ வெளியூருக்குக் கொண்டு போகும்போது சிறு டிராக்டரை டிரெய்லரில் ஏற்றிச் செல்கிறோம். "எண்ணூறு கிலோ எடை இருக்கிறது, எங்கே போய்விடும்?" என்று நார்க் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் புறப்படுவோர் பலர். இது ஆபத்தானது. ஆடு, மாடு குறுக்கே வந்து சட்டென்று பிரேக் போட்டால் டிரெய்லர் நின்றுவிடும். மேலே உள்ள டிராக்டர் நிற்காது. அது பாயும் திசையில் ஓட்டுநர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

ஏற்றும் முறை

இழுவை டிராக்டருடன் டிரெய்லரை மாட்டி, சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை போட வேண்டும். வாய்க்கால் கரை போன்ற உறுதியான மேட்டை ஒட்டி நிறுத்தினால் ஏற்றுவது சுலபம். பலகை வைத்து ஏற்றுவதானால், தளம் 3 அடி உயரத்துக்குப் பலகை 12 அடியாவது இருக்கட்டும். பலகை நழுவாதபடி டிரெய்லருடன் பிணைப்பது அவசியம்.

சரிவில் முன்பக்கமாக ஏற்றினால் முன் சக்கரம் தூக்கி, டிராக்டர் பின்னால் கவிழக்கூடும். எனவே ரோட்டவேட்டரைக் கழற்றிவிட்டு, பின்பக்கமாக மெதுவாக ஏற்ற வேண்டும். பலகைக்கு அருகில் யாரும் நிற்கக் கூடாது. இரு சக்கர டிரெய்லரானால், பாரம் அதன் அச்சுக்குச் சற்று முன்னே விழும்படி நிறுத்த வேண்டும். பின்னால் விழுந்தால் கொக்கி மேலே தூக்கும், டிரெய்லர் ஆடும்.

நிறுத்தியதும் தாழ்ந்த கியரில் போட்டு, என்ஜினை அணைத்து, கை பிரேக்கை இழுத்து, சாவியை எடுத்துவிடவும். நான்கு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுக்கவும்.

எந்தப் பெல்ட்?

சாதாரணக் கயிறு நீளும். போகப் போகத் தளரும். முடிச்சு விழுந்த இடத்தில் அதன் வலுவும் குறையும். ராட்செட் பூட்டுள்ள 2 அங்குலப் பாலியெஸ்டர் பெல்ட் ஏற்றது. மோட்டார் சைக்கிள் கட்டும் 1 அங்குலப் பெல்ட் இதற்கு உதவாது.

திடீர் பிரேக்கில் எடையில் 80 சதமும், வளைவில் பக்கவாட்டில் 50 சதமும் தள்ளு விசை வரும் என்று கணக்கிட்டே பாரம் கட்டுவார்கள். 800 கிலோ டிராக்டரானால் முன்னோக்கி 640 கிலோ, பக்கவாட்டில் 400 கிலோ. சாய்வாகக் கட்டும்போது பெல்ட்டின் முழு வலுவும் கிடைக்காது; இரு பெல்ட்டுகளும் சமமாகப் பாரம் தாங்குவதும் இல்லை. ஆகவே ஒவ்வொரு பெல்ட்டும் டிராக்டரின் முழு எடையைத் தாங்கக் கூடியதாக இருக்கட்டும். சீட்டில் அச்சிட்டுள்ள அறும் எடையைப் பார்த்து ஏமாறக் கூடாது. வேலை எடை அதில் பாதியோ, மூன்றில் ஒரு பங்கோதான்.

கட்டும் முறை

மொத்தம் 4 பெல்ட்டுகள் தேவை. இரண்டு டிரெய்லரின் முன்மூலைகளை நோக்கியும், இரண்டு பின்மூலைகளை நோக்கியும் இழுக்க வேண்டும். பிரேக் போடும்போது டிராக்டரைப் பிடித்து நிறுத்துபவை பின்மூலைப் பெல்ட்டுகளே. நேர் செங்குத்தாகக் கட்டினால் பெல்ட் கீழே அழுத்துமே தவிர, ஓடுவதைத் தடுக்காது. தளத்திலிருந்து 30 முதல் 45 பாகை சாய்வு நல்லது.

டிராக்டரின் அச்சு, டிராபார் போன்ற கனத்த இரும்புப் பாகங்களில் கொக்கியை மாட்டவும். ஸ்டியரிங் கம்பி, டீசல் குழாய், பானெட் ஆகியவற்றில் மாட்டக் கூடாது. டிரெய்லரிலும் பக்கப் பலகையில் மாட்டாமல், சட்டத்தில் வெல்டிங் செய்த வளையங்களிலேயே மாட்டவும். கூரிய விளிம்பில் பெல்ட் உரசும் இடத்தில் பழைய டியூப் துண்டை வைக்கவும்.

எதிரெதிர் பெல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கவும். ராட்செட் உருளையில் பெல்ட் 2 சுற்றாவது இருக்க வேண்டும். 3 சுற்றுக்கு மேல் வேண்டாம். கைப்பிடியில் குழாய் செருகி இறுக்கினால் பூட்டு உடையும். மிச்ச நுனியைச் சக்கரத்தில் சிக்காமல் முடிந்துவிடவும். கழற்றிய ரோட்டவேட்டரையும் தனியே கட்ட மறக்க வேண்டாம்.

வழியில் கவனம்

டயர்கள் குலுங்கி அமரும்போது பெல்ட் தளரும். எனவே புறப்பட்ட சில கிலோமீட்டரில் நிறுத்தி மீண்டும் இறுக்க வேண்டும். குண்டும் குழியுமான சாலையைக் கடந்த பிறகும் அப்படியே. ஏற்றிய டிரெய்லரில் ஆளை உட்கார வைக்கவே கூடாது. இறக்கும்போது கட்டைகள் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பெல்ட்டைத் தளர்த்தவும்.

வெயிலில் கிடக்கும் பெல்ட் நாளடைவில் வலுவிழக்கும். வேலை முடிந்ததும் சேறு கழுவி, நிழலில் உலர்த்திச் சுருட்டி வைக்கவும். விளிம்பு அறுந்த பெல்ட்டை முடிச்சுப் போட்டுப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுங்கள். கட்டி முடிக்க அரை மணி ஆகலாம். அந்த அரை மணி, முன்னே உட்கார்ந்து ஓட்டுபவரின் உயிருக்குக் காப்பு.