எச்சம் இறங்க மறுக்கிறதா?

பெங்களூரு என்.ஏ.எல். ஆய்வகம் பாய்மக் கணக்குகளுக்காக ஃப்ளோசால்வர் என்ற இணைக்கணினித் திட்டத்தை 1986-இல் தொடங்கியது. இன்று அதே ஊரின் இந்திய அறிவியல் கழகத்தில் 3.3 பெட்டாஃப்ளாப் திறனுள்ள பரம் பிரவேகா இருக்கிறது. கணினி எதுவானாலும், காற்றோட்டக் கணக்கு கடைசியில் லட்சக்கணக்கான நேரியல் சமன்பாடுகளில் வந்து நிற்கும். தோராய விடையைச் சுற்றுக்குச் சுற்று திருத்தித்தான் அவற்றைத் தீர்க்கிறோம். சுற்றுகள் ஏறியும் எச்சம் (சமன்பாடுகளில் இன்னும் மிஞ்சும் வேறுபாடு) இறங்காவிட்டால், சால்வரை மாற்றும் முன் சமன்பாடுகளின் அணியைப் பாருங்கள்.

1. உண்மையான எச்சத்தை எடுங்கள். திரையில் தெரிவது பெரும்பாலும் முந்தைய சுற்றிலிருந்து புதுப்பித்த மதிப்பு. அவ்வப்போது வலப்பக்கத்திலிருந்து அணி, விடை இரண்டின் பெருக்கலைக் கழித்து, திரையில் தெரியும் மதிப்புடன் ஒப்பிடுங்கள்.

2. பூச்சியக் கோவை அணியா என்று பாருங்கள். எல்லாப் பக்கமும் சுவர் இருந்தால் அழுத்தத்துடன் எந்த மாறிலியைக் கூட்டினாலும் அதுவும் விடைதான். வலப்பக்கத்தின் கூட்டுத்தொகை பூச்சியமா எனச் சரிபார்த்து, ஒவ்வொரு சுற்றிலும் விடையின் சராசரியைக் கழித்துவிடுங்கள்.

3. அளவுகளைச் சமப்படுத்துங்கள். அழுத்தம் பாஸ்கலில் லட்சம், வேகம் வினாடிக்குச் சில மீட்டர் என்றால் வரிசைகள் ஏறுமாறாக இருக்கும். சமச்சீர் அணியில் வரிசை, நிரல் இரண்டையும் மூலைவிட்ட உறுப்பின் வர்க்கமூலத்தால் வகுத்தால் சமச்சீர் கெடாது.

4. நிலை எண்ணை (கண்டிஷன் நம்பர்) மதிப்பிடுங்கள். பாய்சான் சமன்பாட்டில் கட்ட இடைவெளியைப் பாதியாக்கினால் நிலை எண் நான்கு மடங்காகும். இரட்டைத் துல்லியத்தில் சுமார் 16 இலக்கங்கள் உண்டு. நிலை எண் ஆயிரம் கோடி என்றால், விடையில் ஏறத்தாழ 6 இலக்கங்களை மட்டுமே நம்பலாம்.

5. அணிக்கேற்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். சமச்சீர் அணி, ஐகன் மதிப்புகள் எல்லாம் நேர்மம் என்றால், ஹெஸ்டன்ஸ், ஷ்டீஃபல் 1952-இல் வெளியிட்ட கான்ஜுகேட் கிரேடியன்ட். சமச்சீரற்றது என்றால், சாத், ஷுல்ட்ஸ் 1986-இல் தந்த ஜிஎம்ரெஸ். 30 சுற்றுக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து எச்சம் தேங்கினால், நினைவகம் இடம்கொடுக்கும் வரை அந்த எண்ணைக் கூட்டுங்கள்.

6. அணியைத் தீர்க்க எளிதாக்கும் பிரீகண்டிஷனரைப் படிப்படியாக வலுப்படுத்துங்கள். முதலில் மூலைவிட்டம், பிறகு முழுமையற்ற எல்யூ, அழுத்தச் சமன்பாட்டுக்கு மல்ட்டிகிரிட். எல்யூவில் பூச்சிய பிவட் வந்தால் மூலைவிட்டத்தில் சிறிதளவு கூட்டுங்கள். சுற்றுக்குச் சுற்று மாறும் பிரீகண்டிஷனருக்கு ஃப்ளெக்சிபிள் ஜிஎம்ரெஸ் வேண்டும்.

7. கோர்களைக் கூட்டிச் சோதியுங்கள். கோருக்கு ஒரு துண்டாகப் பிரித்துச் செய்யும் பிரீகண்டிஷனர், துண்டுகள் பெருகப் பெருக வலுவிழக்கும். 4 கோரில் ஓடிய அமைப்பை 400 கோருக்கு அப்படியே நம்பாதீர்கள். இடைப்பட்ட கோர் எண்ணிக்கைகளிலும் ஓட்டிச் சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள்.