மதுரை – கொழும்பு விமானப் பயணம்: கஸ்ர் எங்கே தொடங்குகிறது?



உம்ராவுக்கும் வியாபாரத்துக்கும் நம் பகுதியிலிருந்து பலர் மதுரை வழியாகக் கொழும்பு போகிறார்கள். "ஒரு மணி நேரப் பறத்தல்தானே ஹஜ்ரத், இதற்கும் கஸ்ர் உண்டா?" என்று கேட்கிறார்கள். உண்டு. ஷரீஅத் பார்ப்பது தூரத்தை. கடிகாரத்தையோ பாஸ்போர்ட்டையோ அல்ல.

மதுரையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 350 கி.மீ. கஸ்ருக்கான தூரம், ஹனஃபி மத்ஹபில் நம் நாட்டு உலமாக்கள் கணக்குப்படி 48 மைல், அதாவது ஏறத்தாழ 77 கி.மீ. ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா, 80 கி.மீட்டருக்குச் சற்று அதிகம். சிவகாசியிலிருந்து சென்னைக்குப் பட்டாசு லோடு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர் 500 கி.மீட்டருக்கு மேல் போகிறார். எந்த நாட்டு எல்லையையும் தாண்டாத அவரும் முஸாஃபிர்தான். இதைப் பலரும் அவருக்குச் சொல்வதே இல்லை.

சரி, கஸ்ர் எங்கே தொடங்குகிறது? விமானம் ஏறியதும் அல்ல. ஊர் எல்லையைத் தாண்டியதும். நபி (ஸல்) அவர்கள் மக்காவுக்குப் புறப்பட்டபோது மதீனாவில் ளுஹரை நான்கு ரக்அத்தாகவும், துல்ஹுலைஃபாவில் அஸரை இரண்டு ரக்அத்தாகவும் தொழுததை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது உள்ளது. துல்ஹுலைஃபா மதீனாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. போய்ச் சேரும் இடம் மக்கா என்பதால்தான் அங்கேயே கஸ்ர்.

ஆகவே கொழும்பு போகும் நிய்யத்துடன் விருதுநகரைத் தாண்டியவர் மதுரை விமான நிலையத்தில் ளுஹரையும் அஸரையும் இரண்டாகத் தொழுவார். வழியனுப்ப வந்த மச்சானும் கார் ஓட்டுநரும்? விருதுநகரிலிருந்து விமான நிலையம் 50 கி.மீ. கூட இல்லை, சிவகாசியிலிருந்தும் 70-க்குள்தான். போக வர இரண்டையும் கூட்டக் கூடாது, ஒரு வழித் தூரமே கணக்கு. அவர்களுக்கு நான்கு ரக்அத்.

எல்லோரும் சேர்ந்து ஜமாஅத் வைத்தால்? பயணி இமாமானால் இரண்டில் ஸலாம் கொடுப்பார், ஓட்டுநர் எழுந்து மீதி இரண்டையும் முடிப்பார். ஓட்டுநர் இமாமானால் பயணியும் நான்கு தொழ வேண்டும்.

பறப்பது ஒரு மணி நேரம் என்றாலும், ஊரிலிருந்து புறப்பட்டு, மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்க் காத்திருந்து, அந்தப் பக்கம் குடிவரவு வரிசையிலும் நின்று வெளியே வருவதற்குள் ஆறு மணி நேரம் ஓடிவிடும். பகலில் கிளம்பினால் ளுஹரும் அஸரும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. "போய்ச் சேர்ந்து களா செய்துகொள்ளலாம்" என்று விடுவது சலுகை அல்ல, தொழுகையை விடுவது. ஷாஃபிஈகள் இரண்டையும் ஜம்உ செய்யலாம். ஹனஃபிகள் அதனதன் வக்தில் தொழ வேண்டும்.

கொழும்பில் எத்தனை நாள் தங்க நிய்யத் என்பதையும் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். ஹனஃபியில் 15 நாள், ஷாஃபிஈயில் வரும் நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்கும் நிய்யத் இருந்தால், அங்கே போய் இறங்கியது முதல் முழுத் தொழுகை. துபாய்க்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகிறவருக்கும் இதே சட்டம்தான்: வழியில் கஸ்ர், வேலை செய்யும் ஊரில் நான்கு. அவர் பத்து நாள் விடுப்பில் விருதுநகருக்கு வந்தாலும் இங்கே நான்குதான், இது அவருடைய சொந்த ஊர்.