மணிக்கட்டில் ஓர் ஒர்க்‌ஷாப்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் மாணவன்)



"கடிகாரம் சேர்ப்பது பணக்காரர் பொழுதுபோக்கு ஆயிற்றே, டிப்ளமோ படிக்கிற நமக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் சொல்ல வருவது லட்ச ரூபாய்க் கடிகாரம் பற்றி அல்ல. பேட்டரி இல்லாமல் கை அசைவிலேயே ஓடக்கூடிய, கடலில் மூழ்குபவர்களுக்காகச் செய்யப்பட்ட 'ஆட்டோமேட்டிக் டைவர்' கடிகாரங்களில் விலை குறைந்தவற்றைப் பற்றித்தான். நம் பாடப் புத்தகத்தில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. வாருங்கள், திறந்து பார்ப்போம்.

பிறந்த கதை

1953-இல் பிளாங்பெய்ன் நிறுவனத்தின் 'ஃபிஃப்டி ஃபேதம்ஸ்', ரோலெக்ஸின் 'சப்மரைனர்' ஆகிய சுவிஸ் கடிகாரங்கள் உருவாயின. இன்று அவற்றின் விலையைக் கேட்டாலே நமக்கு மூச்சு முட்டும்! 1965-இல் ஜப்பானின் சீகோ, 150 மீட்டர் ஆழம் தாங்கும் தன் முதல் டைவர் கடிகாரத்தைச் செய்தது. 1967-இல் சோவியத் நாட்டின் சிஸ்டோபோல் நகரத் தொழிற்சாலையில் 200 மீட்டர் தாங்கும் வோஸ்டாக் 'ஆம்ஃபிபியா' வந்தது. 1996-இல் சீகோ 'எஸ்.கே.எக்ஸ். 007' வந்தது. சாமானியர்களும் டைவர் கடிகாரம் கட்டலாம் என்று ஆக்கியவை இவைதான்.

ஒரு சின்னக் கணக்கு

நீரில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் கூடும். 200 மீட்டரில் 20 கிலோ. கண்ணாடியின் விட்டம் 3 செ.மீ. என்று கொள்வோம். பரப்பு சுமார் 7 சதுர செ.மீ. ஆக, அந்தக் கண்ணாடி மேல் விழும் சுமை 140 கிலோ! இரண்டு ஆள் ஏறி நிற்பதற்குச் சமம். ஐ.எஸ்.ஓ. 6425 என்ற தரவிதிப்படி, குறித்த அழுத்தத்துக்கு மேல் 25 சதவீதம் கூட்டிச் சோதிக்க வேண்டும்.

இதை வோஸ்டாக் சமாளித்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பின்மூடியை நேராகத் திருகி இறுக்குவதில்லை. மூடி தனி, அதைப் பிடிக்கும் திருகு வளையம் தனி. இறுக்கும்போது ரப்பர் கேஸ்கட் முறுக்கிக்கொள்ளாது. ஆழம் கூடக் கூடத் தண்ணீரே மூடியை உள்ளே அழுத்தி, அடைப்பை இன்னும் இறுக்கமாக்கிவிடும். எதிரியையே வேலைக்காரன் ஆக்கிவிட்டார்கள் பாருங்கள்!

சாவி கொடுப்பது யார்?

எஸ்.கே.எக்ஸ். உள்ளே இருப்பது 7எஸ்26 என்ற மெஷின். அதன் சாவியைத் திருகி ஸ்பிரிங் ஏற்ற முடியாது. கை அசையும்போது ரோட்டார் சுழலும். அதனோடு சுழலும் ஒரு எக்சென்ட்ரிக் முளை, இரண்டு நகம் கொண்ட லீவரை முன்னும் பின்னும் ஆட்டும். ஒரு நகம் ராட்செட் சக்கரத்தை இழுக்கும், மற்றது தள்ளும். ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஸ்பிரிங் ஏறும். ஷேப்பிங் மெஷினில் டேபிளை நகர்த்துகிற ராட்செட்டைப் பார்த்த நமக்கு இது தெரியாத விஷயமா?

பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 21,600 முறை துடிக்கிறது. நொடிக்கு ஆறு, நாளுக்கு 5,18,400. நாளுக்கு 20 நொடி தவறினாலும் பத்தாயிரத்தில் இரண்டு பங்குதான் பிழை.

என் அம்மா பீடி சுற்றுகிறவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. இந்தக் கணக்கை அவரிடம் சொன்னேன். "ஆயிரம் பீடி சுத்துறதுக்குள்ள எனக்கு இடுப்பு விட்டுப் போவுது. அது அஞ்சு லட்சமால அடிக்குது?" என்றார். கொஞ்ச நேரம் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "சரில, மணி பாக்க ஒண்ணு போதாதா?" என்றார். அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை.

பதில்

ஞாயிற்றுக்கிழமைகளில் கடைவீதியில் கடிகாரம் பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் வேலை பார்க்கிறேன். சில நேரம் கூலிக்குப் பதில் ஓடாத கடிகாரம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். கழற்றி, கழுவி, எண்ணெய் வைத்து, கேஸ்கட் மாற்றி ஓட வைப்பேன். இப்படிச் சேர்ந்தவை மூன்று. போன செமஸ்டரில் தங்கையின் பள்ளிக்கூடச் செலவுக்கு ஒன்றை விற்றேன். ஓடாதபோது யாரும் சீந்தாத சாமான், ஓடியதும் ஒரு தவணைப் பணம் ஆயிற்று. மனசு கஷ்டப்பட்டது உண்மை. ஆனால் கைக்கு வந்த வேலை என்னிடமேதான் இருக்கிறது. அம்மா மறுபடி கேட்கவில்லை.

வாங்குமுன் கவனிக்க

1. வெளிவளையம் எதிர்ச்சுற்றாக மட்டுமே திரும்ப வேண்டும். மூழ்கும்போது அதன் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைப்பார்கள். தற்செயலாக இடிபட்டு நகர்ந்தாலும் கழிந்த நேரம் கூடுதலாகவே காட்டும். ஆள் சீக்கிரம் மேலே வந்துவிடுவார். குறைத்துக் காட்டினால் உயிர் போகும்!

2. சாவி திருகி மூடும் வகையானால் மரை வழுக்காமல் ஏற வேண்டும்.

3. முகப்பில் எழுத்து தடித்து, கோடு கோணலாக இருந்தால் மறுபடி பெயின்ட் அடித்தது என்று அறிக.

4. சீகோவின் பின்மூடி வரிசை எண்ணில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். விற்பவர் சொல்லும் வயதோடு ஒத்துப் பாருங்கள்.

5. தோற்றத்தை நம்பாதீர்கள். 2019-இல் வந்த சீகோ 5 ஸ்போர்ட்ஸ், பார்க்க எஸ்.கே.எக்ஸ். போலவே இருக்கும். ஆனால் தாங்குவது 100 மீட்டர். சாவியும் திருகி மூடுவதல்ல.

6. பழைய கடிகாரத்தில் '200 மீட்டர்' என்று எழுதியிருந்தாலும், கேஸ்கட் மாற்றி அழுத்தச் சோதனை செய்யாமல் கிணற்றில் குதிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. கடன் வாங்கிக் கடிகாரம் வாங்காதீர்கள். முதலில் பரீட்சைக் கட்டணம், அப்புறம்தான் கடிகாரம். கையில் காசு இல்லையா? உங்கள் ஊர் பழுதுபார்ப்பவரின் மேசைப் பக்கம் போய் நில்லுங்கள். பார்ப்பதற்குக் காசு கிடையாது, தோழர்களே!