வெளியே போகும் சூட்டையும் கணக்கில் எடுப்போம்

வியாபாரத்தில் லாபத்தைக் கூட்ட இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று விற்பனையைக் கூட்டுவது, மற்றது செலவைக் குறைப்பது. விற்பனை வாடிக்கையாளரின் கையில் இருக்கிறது. செலவோ பெரும்பாலும் நமது கையில்தான் இருக்கிறது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்த்தப்பட்டபோது சிறு ஹோட்டல் நடத்துவோர் இதை நன்கு உணர்ந்தனர். அதன் பின்னர் கட்டணம் இறங்கியும் ஏறியும் உள்ளது. கட்டணம் எதுவானாலும் வீண்விரயம் நட்டமே. இவ்வாரம் சுடுநீர்ச் செலவைக் குறைக்கும் வழியைப் பார்ப்போம்.

முதலில் கணக்கு

தண்ணீரின் அளவை லீட்டரில் எடுங்கள். எத்தனை பாகை செல்சியஸ் சூடேற்ற வேண்டுமோ அதனால் பெருக்கி, 860ஆல் வகுங்கள். கிடைப்பது மின் அலகு. கொழும்பில் ஒரு ஹோட்டலுக்குப் பாத்திரம் கழுவ நாளொன்றுக்கு 200 லீட்டர் சுடுநீர் தேவை என்று வைத்துக்கொள்வோம். 28 பாகையிலுள்ள குழாய் நீரை 60 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 7½ அலகு செலவாகும்.

அதே ஹோட்டலின் பின்புறத்தில் குளிர் அறையின் கம்ப்ரசர் இரவு பகலாகச் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. உள்ளேயிருந்து எடுத்த வெப்பமும் கம்ப்ரசர் உண்ட மின்சாரமும் சேர்ந்தே அந்தச் சூடு. ஓர் அலகு மின்சாரத்துக்கு இரண்டு அலகு வெப்பத்தை உள்ளிருந்து அகற்றும் இயந்திரம் மூன்று அலகு வெப்பத்தை வெளியே விடுகிறது. நாளுக்கு 12 அலகு உண்ணும் இயந்திரமானால் 36 அலகு வெப்பம் காற்றில் போகிறது. ஒரு பக்கம் பணம் கொடுத்துச் சூட்டை வெளியேற்றுகிறோம், மறுபக்கம் பணம் கொடுத்துச் சூட்டை வாங்குகிறோம்.

இரண்டையும் இணைப்பது எப்படி?

கம்ப்ரசரிலிருந்து வரும் சூடான வாயுக் குழாயில் வெப்பமாற்றி ஒன்றைப் பொருத்தி, குழாய் நீரை அதன் வழியே ஒரு தாங்கிக்கு அனுப்பலாம். பால் பண்ணைகளில் பாலைக் குளிரவைக்கும் இயந்திரத்தின் சூட்டில் கழுவும் நீரைச் சூடாக்குவது பல நாடுகளில் பழக்கத்திலுள்ள முறை. நமது ஹோட்டலில் நீர் 43 பாகைக்கு வந்தாலே 3½ அலகு மிச்சம். மாதத்துக்கு 105 அலகு. மீதிச் சூட்டை வழமையான ஹீட்டர் கொடுக்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். வாயுவும் எண்ணெயும் தண்ணீரில் கலக்காதபடி வெப்பமாற்றி இரட்டைச் சுவருடையதாக இருக்க வேண்டும். வேலையைத் தேர்ந்த குளிரூட்டித் தொழில்நுட்பவியலாளரிடமே கொடுங்கள். அடுத்து, வெதுவெதுப்பாகத் தேங்கும் நீரில் கிருமிகள் பெருகும். எனவே கடைசி ஹீட்டர் 60 பாகையைத் தொட வேண்டும்.

பேக்கரியின் போறணைப் புகைபோக்கியிலும் இதேபோல் சூட்டை எடுக்கலாம். ஆனால் விறகுப் புகையை அளவுக்கு மீறிக் குளிரவிட்டால் புகைபோக்கியில் தார் படிந்து தீப்பற்றக்கூடும். நீர்க் குழாயில் நீராவி வெளியேறவும் வழி இருக்க வேண்டும்.

வீட்டில்

3.5 கிலோவாட் குளியலறை ஹீட்டரை ஐந்து பேர் தலா பத்து நிமிடம் பாவித்தால் மாதம் ஏறத்தாழ 88 அலகு ஓடும். அதை ஐந்து நிமிடமாகக் குறைத்தால் பாதி மிச்சம். வீட்டுக் கட்டணம் படிமுறையில் ஏறுவதால், மிச்சமாவது விலை கூடிய கடைசி அலகுகளே. தாங்கியுள்ள ஹீட்டரானால் 75 பாகையில் வைத்திருப்பதை 60க்குக் குறையுங்கள். சுடுநீர்க் குழாய்க்கு உறையிடுங்கள். வெளியூர் செல்லும்போது சுவிட்சை நிறுத்திவிடுங்கள்.

பணம் போடுமுன்

ஒரு வாரம் மின்மானியைக் காலையும் மாலையும் பார்த்து எழுதுங்கள். எத்தனை லீட்டர் சுடுநீர் செலவாகிறது என்றும் அளந்துகொள்ளுங்கள். பொருத்தும் செலவை மாதச் சேமிப்பால் வகுத்தால் எத்தனை மாதத்தில் முதல் திரும்பும் என்பது தெரியும். சுடுநீர்த் தேவை சொற்பமானால் இந்த முதலீடு வேண்டாம், மேலே சொன்ன செலவில்லாத வழிகளே போதும். தேவை தினசரி இருந்து, குளிர் இயந்திரமும் அருகிலேயே ஓடுமானால், விலை கேட்டுப் பார்ப்பதில் தாமதிக்க வேண்டியதில்லை.